வியாழக்கிழமை விமானம்

வளைகுடா நாட்டுத் துறைமுக ஊரான புஜைராவில் கலீலுர் ரஹ்மானின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது ஷிஜிக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் தம்மாமில் ஒரு கிளினிக்கில் நான்கு வருடம் நர்ஸாக இருந்தாள். அங்கே ஒரு நாளைக்கு நூறு பேருக்கு ஊசி போட்டவளுக்கு இங்கே ஒரே ஒரு நோயாளி. கலீலின் தகப்பனார் மீராசா. பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாலைந்து ஓரெழுத்து வார்த்தைகள்தான் மிச்சம், அதையும் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் எல்லாரையும் போல அவளும் அவரை வாப்பா என்றே கூப்பிட்டாள்.

வீட்டுக்காரர்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, அரிசி ஏற்றித் தருகிற கம்பெனி கலீலுக்கு. நல்ல மனிதர் என்றுதான் ஷிஜி எல்லாரிடமும் சொல்வாள். சம்பளம் ஒரு மாதம் தவறியதில்லை. பாஸ்போர்ட்டை அவள் கையிலேயே கொடுத்து வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு நினைவாக கேக் வாங்கி வருவார்.

குளச்சலுக்கு மேற்கே கடலை ஒட்டிய ஊர் அவளுடையது. அவள் புஜைராவுக்கு வந்த மூன்றாம் வருடம் ஒக்கிப் புயல் அடித்தது. கடலுக்குப் போயிருந்த அவள் புருஷன் ஜஸ்டஸ் திரும்பவில்லை. ஷிஜி ஓடிப்போய் பதினொரு நாள் கரையில் உட்கார்ந்திருந்தாள். படகின் பலகைகூட வரவில்லை. கடைசியில் போட்டோவை வைத்துப் பூசை நடத்தினார்கள். பிள்ளைகள் இல்லை. ஊரில் அப்பன் சேசடிமையும், கல்யாணமாகி அவரோடேயே இருந்த தம்பி பெனோவும்தான் மிச்சம்.

அந்தத் தடவை திரும்பி வந்ததும் அவள் கலீலிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சார், எங்க அப்பனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா மட்டும் என்னை ஒடனே விட்ரணும். ஒரு மொகத்தையாவது நான் பாக்கணும்."

"இதக் கேக்கணுமா சிஸ்டர்? அந்த நிமிஷமே டிக்கெட் போட்டுத் தர்றேன்" என்றார் கலீல். அன்றைக்கு அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

ஆப்பிரிக்கா பேச்சு வந்தது போன வருடம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. மீராசா வாலிபத்தில் சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போனவர். தார் எஸ் சலாம் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறார். உள்நாட்டில் இருந்து வருகிற கூலியாட்கள், யானைக் கூட்டம் ரயிலை நிறுத்திய கதையையும் மடுவில் நீர்யானைகள் வயிறோடு வயிறு ஒட்டிக் கிடப்பதையும் சொல்வார்களாம். துறைமுக வாசலைத் தாண்டிப் போக அவருக்கு அனுமதி கிடையாது. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். இப்போது டிவியில் யானை வந்தால் இடது கையை நீட்டி முனகுவார்.

"வாப்பா ஹயாத்தோட இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டிரணும்" என்றார் கலீல். தான்சானியாவின் மேற்குக் கோடியில் கடாவி என்று ஒரு தேசியப் பூங்கா. மற்ற இடங்களில் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்குமாம். இங்கே ஆளே இருக்காது. ஆகஸ்ட் மாதம் ஆறு வற்றும், நீர்யானைகள் எல்லாம் மிஞ்சிய சேற்றில் வந்து சேரும். தார் எஸ் சலாமில் இருந்து சின்ன விமானம், வாரத்தில் இரண்டே நாள், திங்களும் வியாழனும்.

ஆகஸ்டில்தான் ஷிஜி ஊருக்குப் போக லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். அப்பனுக்கு நடந்தால் மூச்சு முட்டியது, கால் வீங்கியது. போனில் குரலைக் கேட்டாலே இதயம் களைத்துப்போயிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"பத்து நாள்தான் சிஸ்டர். திரும்பி வந்த மறுநாளே நீங்க ஊருக்குப் பிளேன் ஏறலாம். நீங்க இல்லாம வாப்பாவ எப்படிக் கொண்டுபோறது?"

அவள் சரி என்றாள். அவளுக்கும் ஆசை இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. இத்தனை வருட வெளிநாட்டு வாழ்க்கையில் ஆஸ்பத்திரி ஜன்னலையும் இந்த வீட்டு மாடியில் இருந்து தெரிகிற எண்ணெய்த் தொட்டிகளையும் தவிர அவள் எதையும் பார்த்ததில்லை. லுலு கடைக்குப் போய் ஒரு துணித் தொப்பி வாங்கினாள். பெனோவுக்குக் கலீலின் நம்பரை அனுப்பினாள். 'காட்டுக்குள்ள என் போன் எடுக்காது. ஏதாவதுன்னா சாரைக் கூப்பிடு' என்று எழுதினாள்.

கலீல், அவர் மனைவி, இரண்டு மகள்கள், மீராசா, ஷிஜி. பன்னிரண்டு பேர் உட்காரும் விமானம் மண் தரையில் திங்கட்கிழமை மத்தியானம் இறங்கியது. கேம்ப் என்பது மரங்களுக்கு அடியில் ஏழெட்டுப் பெரிய கூடாரங்கள். ஆபீஸ் கூடாரத்தில் மட்டும்தான் இன்டர்நெட், அதுவும் ஒரு நாளைக்குச் சில மணி நேரம். ஷிஜியின் பழைய போன் அதில் ஒட்டவேயில்லை.

முதல் இரண்டு நாள் அவள் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை. பயணத்தில் வாப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. புழுதியில் சளி கட்டியது. ஊசி குத்துவதுபோல் ஒரு ஈ துணியைத் தாண்டிக் கடித்தது. கலீலின் மகள்கள் வந்து சிங்கத்தைப் பார்த்ததையும் எருமைக் கூட்டத்தைப் பார்த்ததையும் இங்கிலீஷில் கத்திக் கத்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் டயப்பரைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கலீல் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆபீஸ் கூடாரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். ஷிஜி அந்த நேரத்தில் குளித்தாள். அவர்கள் திரும்பி வரும்போது கலீலின் முகம் சரியில்லை. "வாப்பாவுக்குக் களைப்பா இருக்கு போல" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

வாப்பா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் வடிந்தது.

"போ" என்றார். "போ... போ."

மூத்திரம் போக வேண்டும் என்கிறார் என்று நினைத்துக் குழாயைப் பார்த்தாள். பை ஒழுங்காக நிறைந்துகொண்டிருந்தது. பெட்பேனை எடுத்து வந்தாள், அதைத் தட்டிவிட்டார். திரும்பவும் அவள் கையைப் பிடித்து வாசலைப் பார்த்து ஆட்டினார். "போ." வயதான நோயாளிகளுக்குப் புது இடத்தில் குழப்பம் வருவது அவளுக்குத் தெரியும். நெற்றியைத் துடைத்துவிட்டு, தூக்கத்துக்கு டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையில் பாதியைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு தூங்கிப்போனார்.

மறுநாள் புதன்கிழமை காலையில் வழிகாட்டி ஜூமா ஜீப்பின் நடு வரிசை சீட்டைக் கழற்றிவிட்டு, சக்கர நாற்காலியை உள்ளே ஏற்றிக் கயிற்றால் நான்கு பக்கமும் கட்டினான். கலீல் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறான அன்போடு இருந்தார். "சிஸ்டர், நீங்க முன்னால உக்காருங்க. ரெண்டு நாளா ஒண்ணுமே பாக்கல நீங்க" என்று சொல்லி, தன் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். பத்து வருடத்தில் அவர் அப்படித் தன் பொருளை எடுத்துக் கொடுத்ததில்லை.

மடு இருப்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே நாற்றம் வந்தது. பிறகு சத்தம், பெரிய பெரிய கிழவர்கள் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்குள் சிரிப்பதைப் போல. கரையில் ஜீப் நின்றது. ஆறு என்று சொல்ல அங்கே தண்ணீர் இல்லை. கருஞ்சேறு. அதில் இருநூறு, முன்னூறு நீர்யானைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஒன்று புரண்டால் பக்கத்தில் இருக்கும் பத்தும் கோபப்பட்டு வாயைப் பிளந்தன. கரை மண்ணில் குடைந்த பொந்துகளில் முதலைகள் அடுக்கி வைத்ததைப்போல் படுத்திருந்தன.

வாப்பா சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து ஷிஜி கேட்டதில்லை. அவருக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்திருக்க வேண்டும், கொஞ்சம் திடுக்கிட்டு, பிறகு மறுபடியும் சிரித்தார். அந்த நேரம் ஒரு குட்டி நீர்யானை தாயின் முதுகில் ஏறப்போய் வழுக்கிச் சேற்றில் மல்லாந்து விழுந்தது. ஷிஜிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தொப்பி பின்னால் நழுவியது. எட்டு வருடத்துக்கு முன் கரையில் உட்கார்ந்து எழுந்தபோது உடம்பில் இறுகிப்போன ஏதோ ஒன்று அந்த ஐந்து நிமிடம் அவிழ்ந்து கிடந்தது. கலீல் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்.

திரும்பும் வழியில் யானைகள் பாதையைக் கடந்தன. ஜூமா இஞ்சினை நிறுத்தினான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு பெண் யானை நின்று அவர்களைப் பார்த்தது. வாப்பா மூச்சு விடாமல் இருந்தார். ஷிஜி அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள். இதை அப்பனிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை விமானம் வந்தது. காய்கறி இறக்க ஜூமா ஓடுபாதைக்குப் போனபோது, வாப்பாவுக்குக் காற்றாடட்டும் என்று அவர்களையும் கூட்டிப்போனான். ஓடுபாதையில் நின்ற ஒட்டகச்சிவிங்கிகளை ஜீப்பை ஓட்டி விரட்டினான். விமானம் இறங்கியது. ஓட்டி வந்தது ஒரு பெண். தார் எஸ் சலாமுக்கு யாராவது வருகிறார்களா, நான்கு சீட் காலி என்று கேட்டாள். கலீல் ஷிஜியைப் பார்க்காமல், யாரும் இல்லை என்றார். வாப்பா நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் அடித்துக்கொண்டே இருந்தார். வெயில் தாங்கவில்லை போல என்று ஷிஜி நாற்காலியை நிழலுக்குத் தள்ளினாள். விமானம் கிளம்பியபோது அந்தப் பெண்ணுக்குக் கையசைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை தார் எஸ் சலாமில் இறங்கியதும் அவள் போன் உயிர் பெற்றது. அது நின்று நின்று துடித்துக்கொண்டே இருந்தது. முதலில் கண்ணில் பட்டது கருப்புக் கரை கட்டிய போஸ்டர். கண்ணீர் அஞ்சலி. சேசடிமை. செவ்வாய்க்கிழமை மாலை இறந்தார், புதன்கிழமை நான்கு மணிக்கு அடக்கம். அதற்குக் கீழே அப்பன் பெட்டிக்குள் கிடக்கும் படம். மூக்கில் பஞ்சு.

அவள் விமான நிலையத்துத் தரையிலேயே உட்கார்ந்து பெனோவைக் கூப்பிட்டாள்.

"இப்பதான் நேரம் கெடச்சுதா ஒனக்கு?" என்றான் பெனோ.

"லே, எனக்குத் தெரியாதுலே. சத்தியமா இப்பதான் பாக்கேன்."

"பொய் சொல்லாத எக்கா. ஓம் மொதலாளிக்குச் செவ்வாக்கெழமையே கூப்பிட்டேன்லா. அக்கா வருவான்னா ஐஸ் பெட்டில சனிக்கெழம வரைக்கும் வைப்போம், கேட்டுச் சொல்லுங்கன்னேன். பத்து நிமிசத்துல அவரே கூப்பிட்டாரு. சிஸ்டர் அழுதுட்டிருக்காங்க, வர வழியில்ல, அடக்கத்த முடிச்சிருங்கன்னு அவங்களே சொல்லச் சொன்னாங்கன்னாரு. நானும் நம்பி சாமியார்ட்ட நேரம் கேட்டேன். கல்லறைல மண்ணு தள்ளிட்டு வந்து போனப் பாத்தா, ஓம் மொதலாளி வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல நீ பல்லக் காட்டிச் சிரிச்சிட்டு நிக்க. ஊரே பாத்தாச்சு."

அவன் வைத்துவிட்டான்.

கலீல் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் காபிக் கடைப் பக்கம் போகச் சொன்னார்.

"எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க சார்?"

"புஜைரா போனதும் சொல்லணும்னுதான்... சிஸ்டர், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? பிளேன் கிடையாது. அந்தக் காட்டுக்குள்ள அழுதுட்டு இருந்திருப்பீங்க."

"வியாழக்கெழமை பிளேன் வந்துதுல்லா."

கலீல் காபிக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாலு சீட்டு காலின்னு அந்தப் பொண்ணு கேட்டாள்லா சார். நான் டாட்டா காட்டிட்டு நின்னேன்."

"வாப்பாவ யாரு பாத்துக்குவா?" அவர் குரல் உடைந்தது. "எத்தனையோ வருஷத்து ஆசை அவங்களுக்கு. நீங்க போயிட்டா அன்னிக்கே எல்லாரும் திரும்பியிருக்கணும். ஒரு மகனா நான்..."

"நானும் மகதான் சார்."

 அந்த நேரத்தில் வாப்பாவின் நாற்காலியில் இருந்து நாற்றம் வந்தது. அவள் எழுந்து, பையில் இருந்து கையுறையையும் டயப்பரையும் எடுத்துக்கொண்டு, அவரை மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். துடைத்து, பவுடர் போட்டு, புதிதாகக் கட்டினாள். வாப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போ" என்றார் மெதுவாக.

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சாயங்காலம் புரிந்தது. கலீல் ஸ்பீக்கரில் பேசியிருக்க வேண்டும், பக்கத்தில் இவர் நாற்காலியில். கையுறையோடு அந்தக் கழிப்பறைச் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒப்பந்தத்தில் சொன்னபடி வேறு நர்ஸ் வரும் வரைக்கும் மூன்று வாரம் வேலை செய்துவிட்டு ஊருக்குப் போனாள். தம்பி வாசலில் இருந்து எழுந்து உள்ளே போனான். தெருவில் யாரும் நேராக ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் "ஆப்பிரிக்காக்காரி வந்தாச்சா" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டது காதில் விழுந்தது. கல்லறையில் சிமெண்ட் பூசி முடித்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் பெனோவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். போன் எடுக்காத காடு, ஆபீஸ் கூடாரம், மாத்திரை, விமானம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடிவில் கையில் இருந்த தீப்பெட்டியை மேஜையில் வைத்தான்.

"சரி. அந்த ஆளு பொய் சொன்னான். நம்புதேன். ஆனா அந்தப் படத்துல நீதான எக்கா சிரிச்ச? அவன் ஒண்ணும் ஒன்னயச் சிரிக்கச் சொல்லலியே."

அவன் சொன்னது தப்பு என்று அவளுக்குத் தெரியும்.  ஆனால் அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு வாழ்க்கையில் வேறு எப்போதும் வந்ததில்லை. அந்த நேரத்தில் அங்கே அப்பன் பெட்டியில் கிடந்தார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் தன் வாயையே அறுத்துப்போட வேண்டும்போல் இருந்தது.

ஊரில் இருக்கவும் முடியவில்லை. ஓமானில் சோஹார் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துப் போனாள். டயாலிசிஸ் வார்டு. அங்கே அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. கூட வேலை பார்த்த சங்கீதா ராமநாதபுரத்துப் பெண், அறையைப் பகிர்ந்துகொண்டவள். டிவியில் காட்டு மிருகங்கள் வந்தால் ஷிஜி அக்கா ஏன் எழுந்து போகிறாள் என்று அவள் கேட்டதில்லை.

மார்ச் மாதம் கலீல் கூப்பிட்டார். அந்த நம்பரை ஷிஜி அழிக்காமல்தான் வைத்திருந்தாள்.

"சிஸ்டர், வாப்பா பத்து நாளா சாப்பிட மாட்டேங்கிறாங்க. புது நர்ஸ தொடவிடல. ஷி, ஷின்னு உங்களைத்தான் கேக்குறாங்க. ஒரு நாள் வந்துட்டுப் போங்க. விசா நான் எடுத்துத் தர்றேன், பார்டருக்கே கார் அனுப்புறேன். ஒன்றரை மணி நேரம்தான். உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

"லீவு இல்ல சார்" என்றாள் ஷிஜி.

லீவு இருந்தது. அன்றைக்கும் மறுநாளும் அவளுக்கு ஓய்வு நாள். போனை வைத்துவிட்டுச் சட்டைகளைத் துவைத்துப் போட்டாள். மீன் மார்க்கெட்டுக்குப் போய் அயிலை வாங்கி வந்து குழம்பு வைத்தாள். கலீல் துடிக்கட்டும் என்று நினைத்தாள். ஒரு தகப்பன் தேடுகிற ஆள் வராமல் போனால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும். சாப்பிட உட்கார்ந்தபோது, மணிக்கட்டைப் பிடித்த அந்த இடது கை நினைவுக்கு வந்தது. அந்தக் காட்டில் அவளிடம் உண்மையைச் சொல்லப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பார்டருக்குப் போகவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தாள்.

நான்காம் நாள் மத்தியான டூட்டியில் மெசேஜ் வந்தது. வாப்பா மௌத்தாகிவிட்டார்கள், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஷிஜி படித்துவிட்டு போனைப் பைக்குள் போட்டாள்.

"யாருக்கா?" என்று கேட்டாள் சங்கீதா.

"பழைய பேஷண்ட் ஒருத்தரு."

ஆறாம் நம்பர் கட்டிலில் மெஷின் கூவியது. ஷிஜி புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு போனாள்.